சாஞ்சு மிதிக்கிற சைக்கிள்: ரெண்டு சக்கரமா, மூணு சக்கரமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வேற வரும். கணக்கு ஆகாதவங்க அந்தப் பத்தியத் தாண்டிக் குதிச்சுடலாம், தப்பா நினைக்க மாட்டேன் :-)

ரிகம்பென்ட்னு ஒரு சைக்கிள் வகை இருக்கு. நம்ம ஊர் ஈஸி சேர்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, காலை முன்னாடி நீட்டி மிதிச்சா எப்படி இருக்கும்? அதேதான். முதுகுக்கு முழுசா சாய்மானம், கைக்கு பாரம் இல்லை, உக்கார்ற இடத்துல வலி இல்லை. தமிழ்ல இதுக்கு யாரும் பேர் வைச்ச மாதிரி தெரியலை. எங்க வீட்டுல அம்மா வைச்ச பேர் 'படுத்துக்கிட்டு ஓட்டுறது'. நான் இங்க சாய்வு சைக்கிள்னே சொல்லிக்கிறேன்.

ஆபீஸ் வேலையா ஆறு மாசம் நெதர்லாந்துல இருந்தப்பதான் இதை முதல்ல ஓட்டினேன். அங்க இதுக்கு லிக்ஃபீட்ஸ்னு பேரு, அதாவது படுக்கை சைக்கிள். எங்க அம்மா டச்சுக்காரங்க மாதிரியே யோசிச்சிருக்காங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை வாடகைக்கு எடுப்பேன். ஒரு வாரம் ரெண்டு சக்கரம், அடுத்த வாரம் மூணு சக்கரம். ரெண்டு சக்கரத்துல முதல் முப்பது மீட்டர் போறதுக்கு ஏழெட்டு தடவை காலை ஊன்ற வேண்டியிருந்துச்சு. சாதா சைக்கிள்ல உடம்பை இப்படி அப்படி அசைச்சு பேலன்ஸ் பண்றோம் இல்லையா, சாஞ்சு உக்காந்தா அது முடியாது. எல்லாத்தையும் ஹேண்டில்லயே பண்ணணும். ஆனா ஒரு வேகம் பிடிச்சுட்டா... அடடா. காத்து நெஞ்சுல மோதாம தலைக்கு மேல போயிடும். அதே மிதி, அதே மூச்சு, ஆனா சாதா சைக்கிளை விட வேகமா போறோம்னு நல்லாவே தெரியும்.

மூணு சக்கரம் வேற ரகம். முதல் நிமிஷத்துல இருந்தே ஓட்டலாம். சிக்னல்ல காலை ஊன்ற வேண்டாம். அப்படியே உக்காந்து தண்ணி குடிக்கலாம், வேடிக்கை பாக்கலாம். ஆனா எடை அதிகம், அகலம் அதிகம்.

என் மனசு ரெண்டு சக்கரத்து மேலதான் போச்சு. அதுக்கு ஒரு காரணம், இந்த வண்டியோட பழைய கதை. பிரான்ஸ்ல சார்லஸ் மோஷேன்னு ஒருத்தர். பையன் சைக்கிள் கேட்டான். சைக்கிள்னா கீழ விழுவான்னு வீட்டுல பயம். அதனால நாலு சக்கரம் வைச்சு மிதிச்சு ஓட்டுற குட்டி கார் ஒண்ணு செஞ்சு குடுத்தார். அதுவே பெரிய சைஸ்ல 'வெலோகார்'னு விற்பனைக்கு வந்துச்சு. வளைவுல வேகமா திருப்ப முடியலைங்கிற பிரச்சினைக்காக சக்கரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து கடைசியில ரெண்டு சக்கரத்துல நின்னார். அந்த வண்டியில பிரான்சிஸ் ஃபோர்ங்கிற ரெண்டாந்தர ரேஸ்காரர், 1933 ஜூலை 7ம் தேதி பாரிஸ்ல ஒரு மணி நேரத்துல 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914ல இருந்து நின்னுக்கிட்டிருந்த ஆஸ்கர் எக்கோட 44.247ஐ முறியடிச்சார். முதல்தர வீரருங்க எல்லாம் கடுப்பாயிட்டாங்க. சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, சைக்கிள்னா இப்படித்தான் இருக்கணும்னு அளவெல்லாம் எழுதி, சாய்வு சைக்கிளை ரேஸ்ல இருந்தே வெளிய தள்ளிடுச்சு. அமலுக்கு வந்த தேதி 1934 ஏப்ரல் 1. நான் வேணும்னே சொல்லலை, நிஜமாவே ஏப்ரல் 1தான் :-) இன்னிக்கு வரைக்கும் அந்தத் தடை அப்படியே இருக்கு. ஆனா 2016ல டாட் ரெய்ச்சர்ட்ங்கிற கனடாக்காரர் அமெரிக்காவோட நெவாடாவுல, மேல முழுசா கூடு போட்ட ரெண்டு சக்கர சாய்வு சைக்கிள்ல, மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகம் தொட்டார். மோட்டார் கிடையாது, வெறும் கால்.

இதெல்லாம் படிச்சுட்டு ஒருத்தன் மூணு சக்கரம் வாங்குவானா?

சூரமங்கலத்துக்கு திரும்பி வந்து, வீட்டுல இருந்தே வேலைன்னு ஆனதும், மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைச்சேன். வெளிநாட்டு கம்பெனி வண்டி நமக்கு கட்டுப்படியாகாது. நல்லதா ஒண்ணுன்னா 3000 டாலர் 4000 டாலர்னு நிக்குது, அதுக்கு மேல கப்பல் செலவு, வரி. சரி, நம்ம ஊர்லயே செஞ்சுக்கலாம்னு முடிவு. சேலம் நாமக்கல் பக்கம் வெல்டிங்குக்கு ஆள் பஞ்சமா? லாரி பாடி கட்டுற கை, ரிக் வண்டி கட்டுற கை எல்லாம் இங்கதான் இருக்கு. படம் எல்லாம் போட்டு வைச்சிருந்தேன். பின்னாடி 26 இன்ச், முன்னாடி 20 இன்ச். கையில சேர்ந்த பணம் 60 ஆயிரம்.

போன ஆடி மாசம் அப்பாவுக்கு பக்கவாதம் வந்துச்சு.

இடது பக்கம். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டதால பேச்சு தப்பிச்சுது. நாலு மாசத்துல நடக்க ஆரம்பிச்சுட்டார், இடது காலை லேசா இழுத்துக்கிட்டு. இடது கை பிடி மட்டும் இன்னும் சரியா வரலை. அப்பா ஜவ்வரிசி ஆலையில கணக்கு எழுதினவர். முப்பது வருஷத்துக்கு மேல வேலைக்கு சைக்கிள்லதான். மொபெட் வாங்கித் தர்றேன்னு நான் சம்பாதிக்க ஆரம்பிச்சப்ப சொன்னதுக்கு, "பெட்ரோலுக்கு குடுக்கற காசுல நாலு டீ குடிப்பேன்"னு சொன்ன ஆள். காலையில அஞ்சரைக்கு ஜங்ஷன் வரைக்கும் சைக்கிள்ல போய், டீ குடிச்சு, பேப்பர் படிச்சுட்டு வர்றது ரிடையர் ஆன பிறகும் நிக்கலை. இப்ப அது நின்னு போச்சு. நான் வண்டியில பின்னாடி உக்கார வைச்சு கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள் வந்தார். மூணாவது நாள், "வேண்டாம் கண்ணு, நீ தூங்கு"ன்னுட்டார்.

பிசியோதெரபி பண்றவர், காலை மாத்தி மாத்தி மிதிக்கிற அசைவு இவருக்கு ரொம்ப நல்லது, ஆனா ரெண்டு சக்கரத்துல ஏறவே கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டார். வீட்டுல நிக்க வைச்சு மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டோம். நாலு நாள் மிதிச்சார். "சுவத்தப் பாத்து எவ்ளோ நேரம்டா மிதிக்கிறது?" இப்ப அதுல துண்டு காயுது. உங்க வீட்டுலயும் அதே கதிதான்னு எனக்குத் தெரியும்.

ஆக கேள்வி மாறிப்போச்சு. காசு ஒரு வண்டிக்குத்தான் இருக்கு. எனக்கு ரெண்டு சக்கரமா, அப்பாவுக்கு மூணு சக்கரமா? இதுல யோசிக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. அதை யோசிக்கலை. யோசிக்க வேண்டி இருந்தது வேற ரெண்டு விஷயம்.

முதல் விஷயம், அப்பா. மொபைல்ல படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து வாங்கற வண்டி மாதிரி இருக்கே"ன்னார். எனக்கு சுருக்குன்னுச்சு. நம்ம ஊர்ல மூணு சக்கர சைக்கிள்னா ஒண்ணு தண்ணி கேன் ஏத்துறது, இன்னொண்ணு கால் முடியாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற, கையால சுத்துற வண்டி. கான்பூர்ல 1972ல ஆரம்பிச்ச அலிம்கோன்னு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, செயற்கைக் கால், சக்கர நாற்காலியோட இந்தக் கைவண்டியையும் செஞ்சு நாடு பூரா அனுப்புது. அதுல உக்காந்து உழவர் சந்தை வாசல்ல கீரைக்கட்டு விக்கிறவரை அப்பாவுக்கு நல்லாத் தெரியும், தினமும் அவர்கிட்டதான் கீரை வாங்குவார். அவர் மேல மரியாதை உண்டு. ஆனா அந்த மாதிரி வண்டியில தான் உக்கார்றதுன்னா வேற. இதை எப்படிப் பேசி மாத்துறதுன்னு எனக்குத் தெரியலை, அதனால பேசலை.

சைடு வீல் வைச்ச ஸ்கூட்டர் வாங்கலாமேன்னு மாமா சொன்னார். நல்ல யோசனைதான், ஊருக்கும் பழக்கமான வண்டி. ஆனா கால் அசையாது. சென்னை ஐஐடியில பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு பண்ணின நியோபோல்ட்டையும் பாத்தேன். சக்கர நாற்காலிக்கு முன்னாடி மாட்டிக்கிற மோட்டார் சக்கரம், 2021ல வந்துச்சு, மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும் போகும். அருமையான சாமான். நடக்கவே முடியாதவங்களுக்கு அது பெரிய விடுதலை. அப்பாவுக்கு அது தேவைப்படலை, அவருக்கு வேண்டியது மிதிக்கிறது.

ரெண்டாவது விஷயம் இன்ஜினியரிங். மூணு சக்கரத்துலயே ரெண்டு ஜாதி. முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணுன்னா அதுக்கு டேட்போல், அதாவது தலைப்பிரட்டை. முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னா டெல்டா, நம்ம ஆட்டோ மாதிரி. உலகத்துல வேகமா ஓட்டுறவங்க, மலை ஏறுறவங்க எல்லாரும் டேட்போல்தான் விரும்புறாங்க. சீட் தரையில இருந்து ஒரு முழம் கூட இருக்காது. வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும். நானும் அங்க ஓட்டினது அதைத்தான். ஒரு நப்பாசை, டேட்போலா செஞ்சா அப்பாவும் ஓட்டலாம், ஞாயித்துக்கிழமை நானும் ஏற்காடு ஏறலாம். 20 கொண்டை ஊசி வளைவுல ரெண்டு சக்கர சாய்வு சைக்கிள் நடக்கற வேகத்துல தள்ளாடும், எழுந்து நின்னு மிதிக்கவும் முடியாது. மூணு சக்கரம்னா சின்ன கியர்ல போட்டு ஆமை மாதிரி ஏறிக்கிட்டே இருக்கலாம், மூச்சு வாங்கினா அங்கயே நிப்பாட்டி உக்காந்துக்கலாம். ஆக மலைக்கு மூணுதான் சரின்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

இதுக்கு ஒரு செங்கல் பரிசோதனை நடத்தினேன். கொல்லையில செங்கல் அடுக்கி, மேல பலகை போட்டு, அப்பாவை உக்காரச் சொல்லி, எழுந்திரிக்கச் சொன்னேன். ஆறு செங்கல், சுமார் 45 சென்டிமீட்டர், தானா எழுந்துட்டார். அஞ்சு செங்கல், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. நாலு செங்கல், என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அதுவும் ரெண்டாவது முயற்சியில. மூணு செங்கல் வைக்கவே இல்லை. டேட்போல் சீட் அந்த மூணு நாலு செங்கல் உயரம்தான். அதுவும் முன்னாடி குறுக்கே போற பைப்பைத் தாண்டி காலை வைச்சு உள்ள இறங்கணும். இடது காலைத் தூக்க முடியாதவருக்கு அது கதவு சாத்தின வீடு மாதிரி. டெல்டான்னா பக்கவாட்டுல வந்து, நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்துட்டு, அப்புறம் காலை எடுத்து வைச்சா போதும்.

ஏற்காடு கனவு அங்கயே முடிஞ்சுது. டெல்டாதான், சீட் உயரம் 50.

ஆனா டெல்டாவுல ஒரு வில்லங்கம். ஆட்டோ கவிழ்றதைப் பாத்திருப்பீங்க. கணக்கு இதோ. பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல 75 சென்டிமீட்டர் வைக்கறோம், அதுல பாதி 37.5. ஆளோட எடை மையம் முன்சக்கரத்துல இருந்து பின் அச்சு வரைக்கும் உள்ள தூரத்துல 70 சதவீதத்துல இருக்குன்னா, வண்டி சாயறதுக்கு எதிரா நிக்கற அகலம் 37.5 இல்லை, அதுல 70 சதவீதம், அதாவது 26 சொச்சம். ஏன்னா டெல்டா கவிழறது முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் இணைக்கற சாய்வுக் கோட்டுக்கு மேல. எடை மையத்தோட உயரம் 70 சென்டிமீட்டர். வகுத்தா 0.375. அஞ்சு மீட்டர் ஆரத்துல ஒரு தெரு முனை திரும்பினா, மணிக்கு 15.4 கிலோமீட்டர்ல உள்பக்கச் சக்கரம் தூக்கும். திரும்பறப்ப பிரேக்கும் போட்டா பாரம் முன்னாடி வந்து இன்னும் சீக்கிரமே தூக்கும். இதே அகலத்துல தரையோட ஒட்டின டேட்போல்னா, எடை மையம் 45 சென்டிமீட்டர் உயரம்னு வைச்சா 19.3 கிடைக்கும். வித்தியாசம் இருக்கு, ஆனா பயப்படற அளவு இல்லை. அப்பா ஓட்டப் போறது பத்து, பன்னெண்டு கிலோமீட்டர் வேகம். பின் அச்சை இன்னும் அகலமாக்கலாமேன்னா வீட்டு கேட் 90 சென்டிமீட்டர்தான். கேட்டை இடிக்க அம்மா விட மாட்டாங்க.

கவிழறதை விட எனக்கு பயமா இருந்தது கால் நழுவுறது. சாய்வு சைக்கிள்ல பெடல் முன்னாடி உயரத்துல இருக்கும். பலமில்லாத கால் அதுல இருந்து நழுவி ரோட்டுல ஊனிச்சுன்னா, வண்டி முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கறதால காலை அடியில இழுத்து மடக்கிடும். கணுக்கால் முறியறதுக்கு அது போதும். அதனால இடது பெடல்ல குதிகாலுக்கு கிண்ணம் மாதிரி ஒரு தாங்கி, பாதத்துக்கு மேல பட்டை, கெண்டைக்காலுக்கு ஒரு முட்டு. இதுல மட்டும் ஒரு ரூபா கூட மிச்சம் பிடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பிரேக் ரெண்டும் வலது கையில ஒரே லீவர், ரெண்டு கேபிளையும் சேர்த்து இழுக்கும். பள்ளத்துல நிறுத்தினா ஓடாம இருக்க லாக்.

மத்தது எல்லாம் சேலத்துச் சரக்கு. சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறை. படத்தைப் பாத்ததும் அந்த அண்ணன் சிரிச்சார், "என்ன சார், கட்டிலுக்கு சக்கரம் வைக்கறீங்களா?"ன்னு. அப்புறம் அவரே பாதி டிசைனை மாத்தினார். பின் அச்சு தண்ணி கேன் ட்ரை சைக்கிளோடது, கடையில ரெடியாவே கிடைக்குது, உதிரி பாகமும் எந்தக் கடையிலயும் கிடைக்கும். முன்னாடி குழந்தைங்க சைக்கிளோட 20 இன்ச் ஃபோர்க். சாதா செயின் மூணைச் சேர்த்தா ஒரு நீள செயின். நடுவுல ஒரு ஷாப்ட், அதுல 7 கியர். சீட்டுக்கு வெளிநாட்டுல வலைத்துணி போடறாங்க. நாங்க நைலான் பட்டை, கட்டிலுக்குப் பின்னுவாங்களே அதேதான். வேர்வை தங்காது, தொய்ஞ்சா இழுத்துக் கட்டிக்கலாம். இது முழுக்க அண்ணன் மூளை. பட்டறைக்காரர் கிண்டல் பண்ணினது கடைசியில உண்மையாயிடுச்சு.

ரோட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும். ரெண்டு சக்கரம் ரோட்டுல ஒரே கோடு போடும், மூணு சக்கரம் மூணு கோடு. குழியை ஒரு சக்கரம் தப்பிச்சா இன்னொண்ணு போய் விழும். பெயிண்ட் அடிக்காத வேகத்தடை நம்ம தெருவுக்கு தெரு இருக்கு. அதனால பெரிய டயர், காத்து கொஞ்சம் கம்மியா. அப்புறம் டவுன் பஸ் டிரைவர் கண்ணுக்குத் தெரியணும், பின்னாடி ஆளுயரக் கம்பியில ஒரு கொடி. அப்பா ஐந்து ரோடு பக்கமே போகக் கூடாதுங்கறது அம்மாவோட கண்டிஷன். ஜங்ஷன் வரைக்கும், காலையில ஆறு மணிக்கு முன்னாடி, அவ்வளவுதான்.

பேசலைன்னு சொன்னேன் இல்லையா. போன வாரம் ஃப்ரேம் நின்னதும், செயின், பெயிண்ட் எதுவும் இல்லாம, அளவு பாக்கணும்னு மட்டும் சொல்லி அப்பாவைப் பட்டறைக்கு கூட்டிட்டுப் போனேன். சுத்தி சுத்தி வந்தார். வெல்டிங்கைத் தடவிப் பாத்தார். கணக்குப்பிள்ளை புத்தி, "இது வரைக்கும் எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்டார். 31 ஆயிரம்னேன். "உன் வண்டிக்கு வைச்சிருந்ததா?"ன்னார். நான் பதில் சொல்லறதுக்குள்ள பட்டறை அண்ணன், "உக்காருங்கய்யா, அளவு எடுக்கணும்"னுட்டார். நல்ல வேளை.

உக்காந்தார். கைத்தாங்கல் இல்லாம. ஹேண்டிலை வலது கையில பிடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தார். இடது கையைத் தானே எடுத்து அந்தப் பக்கப் பிடி மேல வைச்சார். அண்ணனும் பையனும் பின்னாடி இருந்து தள்ள, பட்டறை வாசல்ல இருந்து வேப்பமரம் வரைக்கும் போய் திரும்பி வந்தார். இருபது மீட்டர் இருக்கும். முகத்தைப் பாக்கணும்னு நான் முன்னாடி ஓடினேன், அவர் என்னைப் பாக்கலை, ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

இறங்கினதும் மூணு உத்தரவு. பெல் இடது பக்கம் வைச்சிருக்கே, எவன் அடிக்கறது, வலது பக்கம் மாத்து. பச்சை பெயிண்ட் அடி, என் பழைய ஹெர்குலிஸ் கலர். சீட்டை ரெண்டு இன்ச் தூக்கு, எழுந்திரிக்க இன்னும் சுலபமா இருக்கும்.

மூணாவதுக்கு மட்டும் "யோசிச்சு சொல்றேன்ப்பா"ன்னு மொபைலை எடுத்து கணக்குப் போட்டேன். எடை மையம் 70ல இருந்து 75 ஆகும். 15.4 கிலோமீட்டர் 14.9 ஆகும். அரை கிலோமீட்டர்தான். தூக்கிடுங்கண்ணேன்னு சொல்லிட்டேன். பெயிண்ட் வர்ற வியாழக்கிழமை அடிக்கறாங்க.